சேலத்தில் ஓடிய சினிமா மில்

மக்களே, இன்னிக்கு மருத்துவம் இல்ல, சினிமா. பதிவு கொஞ்சம் நீளம். ஞாயித்துக்கிழமைதானே, டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

1952-ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் வந்தது. கதை நடப்பது இந்தியாவில். காட்டு யானைகள் எதையோ கண்டு மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. என்ன ஏதுன்னு பார்க்க ஒரு இளவரசியும் ஒரு அமெரிக்க வேட்டைக்காரரும் காட்டுக்குள் போகிறார்கள். போய்ப் பார்த்தா, பனியுகத்தோடு செத்துப்போன மாமத் யானைகள் உயிரோட திரியுது! ஆமாங்க, உடம்பு முழுக்க கம்பளி மாதிரி முடி தொங்குமே, அதே மாமத். கிராபிக்ஸ் எல்லாம் இல்லாத காலம். நிஜ யானைகளுக்கே சடை வச்ச போர்வையை மாட்டி, பெரிய தந்தத்தையும் கட்டி நடக்க விட்டாங்க.

படம் சுமார்தான். சுமார்னு சொல்றதே நம்ம தாராள மனசு.

வேட்டைக்காரராக நடித்தவர் ராட் கேமரன், இளவரசி மேரி வின்ட்சர். கூடவே சீசர் ரொமேரோ. இந்த ரொமேரோதான் பின்னாடி 1966-ல் வந்த பேட்மேன் டிவி தொடரில் ஜோக்கராக வந்து சிரித்தவர். இவங்க எல்லாரோடயும் சேர்ந்து நடித்திருப்பவர் நம்ம எம்.என்.நம்பியார்! தமிழில் இதே படம் 'காடு' என்ற பெயரில் வந்தது.

இப்படி ஒரு கூட்டணி எப்படி அமைந்தது? அமெரிக்கப் பக்கம் லிப்பர்ட் பிக்சர்ஸ். இந்தியப் பக்கம் பம்பாயும் இல்ல, மெட்ராஸும் இல்ல. சேலம். கம்பெனி பெயர் மாடர்ன் தியேட்டர்ஸ். முதலாளி டி.ஆர்.சுந்தரம்.

நான் வேலை பார்ப்பது வடக்கனந்தலில். கல்வராயன் மலையடிவாரம், பக்கத்துல கோமுகி அணை. எங்க ஜனங்களுக்கு சேலம்னா ரெஃபர் பண்ற ஊர். கேஸ் கைமீறினா கள்ளக்குறிச்சி, அங்கயும் முடியலன்னா சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி தாண்டி சேலம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-ல்தான். அதுக்கு முன்னாடி விழுப்புரம், அதுக்கும் முன்னாடி கடலூரைத் தலைநகரா வச்ச தென்னாற்காடு. அரசாங்க பேப்பர் கிழக்கே போனாலும், ஜவுளி எடுக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மனுசங்க பாதிப்பேர் போனது மேற்கே, சேலத்துக்கு. அந்த சேலத்தில் ஒரு காலத்தில் ஹாலிவுட்காரனோடு கூட்டுச் சேருகிற அளவுக்கு ஒரு சினிமா கம்பெனி இருந்தது என்று எங்க ஊர்ப் பசங்ககிட்ட சொன்னா, "சும்மா இருங்க சார்" என்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு படத்தில் தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "பணம் போடுவார்" என்பதோடு நிறுத்திவிடுவோம். ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சா சர்ஜன் கையைப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்குவாங்க. மயக்க மருந்து கொடுத்து நாலு மணி நேரம் உயிரைக் கையில் பிடிச்சு வச்சிருந்த டாக்டர் பேர் சொந்தக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது. தயாரிப்பாளர் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். சுந்தரம் பணம் மட்டும் போட்டவர் இல்ல. அவர் ஒரு வேலைத்தலத்தையே உண்டாக்கினார். என் கணக்கில் அதுதான் அவருடைய பெரிய படைப்பு, படங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1907-ல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' திருச்செங்கோடு, 'ஆர்' அப்பா ராமலிங்கம். வசதியான நூல் வியாபாரக் குடும்பம். பையனை இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க அனுப்பினாங்க. படிப்பை முடித்து, அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டு 1930-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். படிச்சது துணி நெய்கிற மில்லுக்கு. நடத்தப் போனது சினிமா. ஆனா படிச்ச படிப்பு வீணாகல, அதைக் கீழே பாருங்க.

அந்தக் காலத்து நிலவரம் தெரிஞ்சாதான் அவர் செய்ததன் எடை புரியும். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. எடுத்தது பம்பாயில். தென்னிந்தியாவில் பேசும் படம் எடுக்கும் வசதியே இல்லை. 1934-ல்தான் மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோ வந்து 'சீனிவாச கல்யாணம்' எடுக்கப்பட்டது. அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும் சில வருஷங்கள், தமிழ்ப் படம் எடுக்கணும்னா நடிகர், நடிகை, பாட்டுக்காரர், பக்கவாத்தியம், சமையல்காரர் வரை மொத்தக் கூட்டத்தையும் ரயிலேற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கொண்டு போகணும். அங்கே ஸ்டுடியோ வாடகை ஒரு பக்கம், இத்தனை பேருக்குச் சோறும் தங்குமிடமும் ஒரு பக்கம். மொழி தெரியாத டைரக்டர், தமிழ் தெரியாத ஒலிப்பதிவாளர். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா எல்லார் செலவும் ஓடிக்கிட்டே இருக்கும்.

சுந்தரமும் முதலில் அப்படித்தான். ஏஞ்சல் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனியில் கூட்டாளியாகச் சேர்ந்து, கல்கத்தாவுக்குப் போய் 'துருவா', 'நல்லதங்காள்' மாதிரி புராண, நாட்டார் கதைகளை எடுத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த அலைச்சலைப் பார்த்த ஒரு மில் படிப்புக்காரருக்கு என்ன தோணும்? பஞ்சு ஒரு ஊர்ல, தறி இன்னொரு ஊர்ல, சாயம் மூணாவது ஊர்லன்னு இருந்தா தொழில் விளங்குமா? எல்லாத்தையும் ஒரே வளாகத்துக்குள்ள கொண்டு வரணும்.

அதைத்தான் செய்தார். 1930-களின் நடுவில், ஏற்காடு மலையடிவாரத்தில், சேலத்தை ஒட்டி மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எழுந்தது. செட் போடும் தளம், ஒலிப்பதிவு, ஃபிலிம் கழுவும் லேப், எடிட்டிங், தையல், தச்சுப் பட்டறை எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கதை இலாகா என்று தனியாக ஆட்கள். நடிகர்களிலிருந்து எழுத்தாளர் வரை பலருக்கும் மாதச் சம்பளம். ஒரு பக்கம் ஃபிலிம் ரோல் உள்ளே போகும், மறுபக்கம் முழுப் படமாக வெளியே வரும். மில்லுக்குள் பஞ்சு போய் துணியாக வருகிற மாதிரி.

இதே நேரத்தில் அமெரிக்காவில் எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகளும் இப்படித்தான் நடந்தன. நட்சத்திரங்கள் எல்லாம் பல வருஷ ஒப்பந்தத்தில் சம்பளக்காரர்கள். சொன்ன படத்தில் நடிக்கணும், மறுத்தா சம்பளம் கட். போதாததற்கு, மறுத்து வீட்டில் இருந்த நாட்களையும் ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்து நீட்டிவிடுவார்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னர் கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான் அந்த நீட்டிப்பு வேலை நின்றது. ஆக, இந்த ஃபேக்டரி முறை எல்லாருக்கும் இனிப்பான விஷயம் இல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 1937-ல் வந்த 'சதி அகல்யா'. அகலிகை கதை, பழைய புராணம்தான். ஆனா வியாபாரம் புதுசு. இலங்கையிலிருந்து வந்த தவமணிதேவியைக் கதாநாயகியாகப் போட்டு, அவரை நீச்சல் உடையில் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். பத்தினி வேஷக்காரியைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வச்சுச்சு. வச்ச விரலோட கொட்டகைக்கும் போச்சு! இது சரியா தப்பான்னு இன்னிக்கும் விவாதிக்கலாம். கூட்டம் எதுக்கு வரும் என்பது முதல் படத்திலேயே மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தது.

அடுத்த வருஷமே இன்னொரு வேலை செய்தார். நாகர்கோவிலைச் சேர்ந்த ஏ.சுந்தரம் பிள்ளை என்பவர் கையில் ஒரு மலையாளக் கதை வைத்திருந்தார். மலையாளத்தில் அதுவரை பேசும் படமே கிடையாது. அந்தக் கதையை சுந்தரம் எடுத்தார். 1938 ஜனவரியில் வந்த 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும் படம். அதற்கு டைரக்டர் எஸ்.நொட்டாணி. கேமராவுக்குப் பின்னால் நின்றது ஒரு ஜெர்மன்காரர். மலையாள சினிமாவின் பிரசவ வார்டு சேலம்! கேரளத்திலேயே, ஆலப்புழையில், உதயா ஸ்டுடியோ வர 1947 ஆகிவிட்டது.

1940-ல் 'உத்தம புத்திரன்'. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். ஒரே ஆள் இரண்டு பேராகத் திரையில் நிற்பதைத் தமிழ் ஜனங்கள் பார்த்தது இதில்தான் முதல்முறை. கதை பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையிலிருந்து கிளம்பியது. அப்புறம் 'மனோன்மணி', 'ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி', நம்பியாரை வேஷத்துக்கு மேல் வேஷம் மாற்ற வைத்த 'திகம்பர சாமியார்' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கதை வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சரி, வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவலிலிருந்து வந்தாலும் சரி, பெரிய எழுத்துக் கதைப் புஸ்தகத்திலிருந்து வந்தாலும் சரி, ஓடுமா என்பது ஒன்றே கேள்வி.

இந்தப் படங்களில் பாதி இன்றைக்குப் பார்க்க முடியாத ரகம். இதையும் சொல்லிடணும். நாடகத்தனமான வசனம், எண்ணிக்கை மறந்துபோகிற அளவுக்குப் பாட்டு, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு நகைச்சுவை. மில்லில் பட்டும் வரும், கோணித்துணியும் வரும். ஆனா மில் ஓடிக்கிட்டே இருந்ததுதான் முக்கியம். ஒரு படம் விழுந்தா கம்பெனியை மூடிட்டு ஊருக்குப் போகிற நிலை இல்லாததால்தான் தச்சர் தச்சராகவே தேர்ந்தார், லைட்பாய் கேமரா கத்துக்கிட்டார், எழுத வந்தவருக்கு அடுத்த மாசச் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் எழுத முடிந்தது.

எழுத வந்தவர்கள் யார் யார் தெரியுமா? பாரதிதாசன். மு.கருணாநிதி. ஏ.வி.பி.ஆசைத்தம்பி. கண்ணதாசன் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய 'சண்டமாருதம்' என்ற பத்திரிகையில் வேலை பார்த்தவர். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950-ல் 'பொன்முடி' என்று படமானது. திராவிட இயக்கத்துப் பேனாக்கள் சினிமாவுக்குள் நுழைந்த பெரிய வாசல்களில் ஒன்று இந்த சேலத்து ஸ்டுடியோ. சுந்தரம் கொள்கைக்காக இதைச் செய்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் ஒன்றும் தெரியவில்லை. டிக்கெட் கவுன்ட்டரை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். மேடையில் அந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுவதைப் பார்த்தார், எழுதுகிறவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். கொள்கைக்காரர்கள் செய்ததைவிடச் சில நேரம் கணக்குப் பார்க்கிறவர்கள் செய்தது தூரமாப் போய்ச் சேரும்.

இப்போ அமெரிக்காக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். எல்லிஸ் ஆர்.டங்கன். 1909-ல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் சினிமா படிக்கும்போது கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். சும்மா கொஞ்ச மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தவர் 15 வருஷம் இருந்துவிட்டார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் தலைகாட்டிய 'சதிலீலாவதி' (1936) இவர் டைரக்ஷன். எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி', எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா' எல்லாம் இவர்தான். கடைசி வரைக்கும் தமிழ் சரியாக வராது! வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வச்சுக்கிட்டு, நடிகர் முகத்தைப் பார்த்தே ஓகே சொல்வார். நோயாளி பேசும் பாஷை புரியாம முகத்தைப் பார்த்தே வலியைக் கண்டுபிடிக்கிற டாக்டர் மாதிரி. மலைக்கு கேம்ப் போகும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

டங்கன் இந்தியாவில் கடைசியாக எடுத்த தமிழ்ப் படங்கள் இரண்டும் சுந்தரத்துக்காக எடுத்தவை, இரண்டும் 1950. ஒன்று மேலே சொன்ன 'பொன்முடி'. காதல் காட்சிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று அப்போது ஏச்சு வாங்கிய படம். இன்னொன்று 'மந்திரிகுமாரி'. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையை எடுத்து கருணாநிதி எழுதிய வசனம். கொல்ல நினைத்து மலையுச்சிக்குக் கூட்டிப் போகிற கணவனை, சுற்றி வந்து கும்பிடுவது போல வந்து மனைவியே தள்ளிவிடுகிற அந்தக் கதைதான். கணவனே கண்கண்ட தெய்வம் என்று படத்துக்குப் படம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது! தியேட்டரில் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிச்சுப் பார்க்கிறேன்.

இந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். கதாநாயகன். அவரைப் போட கருணாநிதி சிபாரிசு செய்தார் என்றும், அவருடைய இரட்டைத் தாடை கேமராவில் தெரியுமே என்று சுந்தரம் தயங்கினார் என்றும், ஒரு சின்னத் தாடி வச்சு அதைச் சமாளித்தார்கள் என்றும் சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட்டார். இன்னொரு கம்பெனியா இருந்தா படம் அங்கேயே நின்றிருக்கும். இங்கே முதலாளியே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து மீதியை முடித்தார். படத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். படம் பெரிய வெற்றி.

முதலாளின்னுதான் ஸ்டுடியோவில் எல்லாரும் அவரைச் சொல்வார்கள். நேரம் தவறினால் பிடிக்காது. எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் கால்ஷீட் என்றால் கால்ஷீட். மில்லுக்கு லேட்டா வந்தா கேட்டைச் சாத்துகிற பழக்கம்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன மாமத் யானைக்குத் திரும்புவோம். சேலத்துக்கு எதிர்முனையில் இருந்த அமெரிக்கர் யார்?

ராபர்ட் லிப்பர்ட். இவரும் 1909-ல் பிறந்தவர், கலிஃபோர்னியாவின் அலமீடா ஊர்க்காரர். அடிப்படையில் தியேட்டர் ஓனர். கையில் நிறைய கொட்டகைகள். பெரிய கம்பெனிகள் தங்கள் படத்துக்குக் கேட்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை. அடப் போங்கடா, என் கொட்டகைக்கு நானே படம் எடுத்துக்கிறேன் என்று 1940-களின் நடுவில் தயாரிப்பில் இறங்கினார். குறைந்த செலவு, சில நாட்களில் படப்பிடிப்பு முடிவு, பெரிய நட்சத்திரம் கிடையாது. நிலாவுக்கு ராக்கெட் விடும் படம் ஒன்றை வேறொரு கம்பெனி பெரிய செலவில் நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தபோது, லிப்பர்ட் கிடுகிடுவென்று 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' எடுத்து 1950-ல் அவர்களுக்கு முன்னாலேயே தியேட்டருக்குக் கொண்டு வந்துவிட்டார். விளம்பரம் செய்தது அவங்க, அறுவடை செய்தது இவர்! அதே நேரத்தில், பின்னாளில் உலகம் கொண்டாடிய சாமுவேல் ஃபுல்லருக்கு முதல் படம் டைரக்ட் பண்ண வாய்ப்பு கொடுத்தவரும் இந்த மலிவுவிலை முதலாளிதான். 1949-ல். பெரிய கம்பெனி கதவு திறக்காத இடத்தில் சின்ன கம்பெனி திறந்தது.

கலிஃபோர்னியா தியேட்டர்காரருக்கும் சேலத்து நூல் வியாபாரி மகனுக்கும் என்ன ஒற்றுமை என்றால், இருவருக்குமே சினிமா என்பது குறித்த தேதியில் போய்ச் சேர வேண்டிய சரக்கு. லிப்பர்ட்டுக்கு நிஜக் காடு, நிஜ யானை, குறைந்த செலவு வேண்டும். சுந்தரத்திடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோவும் ஆட்களும் இருந்தன. இரண்டு நாட்டையும் தெரிந்த டங்கனுக்கும் இதன் தயாரிப்பில் பங்கு உண்டு. வில்லியம் பெர்க் டைரக்ட் பண்ணினார். கலரும் இல்லாமல் கறுப்பு வெள்ளையும் இல்லாமல், பழைய கல்யாண போட்டோ மாதிரி பழுப்பு நிறத்தில் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிக்காரன் சேலத்துக்காரனைக் கூலிக்கு அமர்த்தவில்லை, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான். சுதந்திரம் வந்து ஐந்தே வருஷம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்த ஒரே விஷயம் இது.

அதற்கப்புறம் சுந்தரம் கை வைத்தது கலரில். 1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் வந்த முதல் முழுநீளக் கலர்ப் படம். கேவாகலர் என்ற பெல்ஜியம் ஃபிலிமில் எடுத்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி, தங்கவேலு, வீரப்பா. எங்க ஓபி-க்கு வருகிற எழுபது தாண்டிய ஆட்களிடம் ரத்தக்கொதிப்பு மாத்திரை பேர் கேட்டா தெரியாது. இந்தப் படத்தை எந்த ஊர் டூரிங் கொட்டகையில் பார்த்தோம் என்பது தெரியும். ஒரே ப்ரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, மணலைக் குவிச்சு வச்சு உட்கார்ந்தது, பின்னால் இருப்பவன் திட்டினது, எல்லாம் வரிசையாக வரும். குகைக் கதவு மந்திரத்தை ஒரு தாத்தா பிபி பார்க்கும்போது கையை நீட்டிக்கிட்டே சொன்னார். அன்னிக்கு அளவு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. எம்.ஜி.ஆர். கால்ஷீட் இழுத்துக்கொண்டே போக, மிச்சமிருந்த காட்சிகளை டூப் வைத்து எடுத்து முடித்துவிட்டாராம் சுந்தரம். தாமதமாக வந்த எம்.ஜி.ஆருக்கு வேலையே மிச்சம் இல்லையாம். அச்சு அசலாக இப்படியே நடந்ததா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனா இந்தக் கதையை இத்தனை வருஷம் மக்கள் ரசித்துச் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் தராசு சாய ஆரம்பித்தது. முதலாளி சொன்னால் நட்சத்திரம் வரும் காலம் போய், நட்சத்திரம் நாள் கொடுத்தால் முதலாளி படம் எடுக்கும் காலம் வந்துகொண்டிருந்தது. டூப் வைத்து ஒரு படத்தை முடிக்கலாம். நூறு படத்தை முடிக்க முடியாது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே நோய்தான், காரணம் மட்டும் வேறு. 1948-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பு சொல்லி, பெரிய கம்பெனிகள் தங்கள் தியேட்டர்களை விட்டுவிட வேண்டிய நிலை வந்தது. எடுத்த படம் எதுவாக இருந்தாலும் ஓட்ட சொந்தக் கொட்டகை உண்டு என்ற தைரியம் போனது. டிவி வேறு வீட்டுக்குள் வந்துவிட்டது. மாதச் சம்பள நடிகர்களை வைத்துக் கட்டுப்படியாகாமல் ஒவ்வொருவராக விட்டார்கள். இங்கே தீர்ப்பும் வரல, டிவியும் வரல. ஆனா தொழில் மொத்தமாக மெட்ராஸில் கோடம்பாக்கத்தைச் சுற்றிக் குவிந்துவிட்டது. நடிகர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்கு அங்கேயே தளம் மாறி நடிக்கலாம். அவர்களைச் சேலத்துக்கு ரயிலேறச் சொன்னால் எப்படி வருவார்கள்? 1930-களில் சுந்தரத்துக்குக் கல்கத்தா எவ்வளவு தூரமாக இருந்ததோ, 1960-களின் நட்சத்திரங்களுக்குச் சேலம் அவ்வளவு தூரமாகிவிட்டது.

இருந்தும் மனுஷன் ஓயவில்லை. 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தின் முதல் கலர்ப் படம், அதையும் எடுத்தது சேலம் கம்பெனி, டைரக்ஷன் சுந்தரமே. முதல் பேசும் படமும் இவர், முதல் கலர்ப் படமும் இவர். கேரளத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போங்க. 1963-ல் 'கொஞ்சும் குமரி'. அதுவரை நகைச்சுவைக்கு மட்டும் கூப்பிட்ட மனோரமாவைக் கதாநாயகியாக்கிய படம். பெரிய நடிகைகள் நாள் கொடுக்காததாலா, அவர் திறமை மேல் இருந்த நம்பிக்கையாலா? இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்பது என் ஊகம்.

அதே 1963 ஆகஸ்ட் 30-ம் தேதி சுந்தரம் காலமானார். வயசு 56. இன்னிக்கு என் மேஜைக்கு முன்னால் 56 வயசு ஆள் உட்கார்ந்தா, "இன்னும் இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுங்க" என்றுதான் சொல்லுவேன்.

கம்பெனி அன்றைக்கே சாயவில்லை. மகன் ராமசுந்தரம் எடுத்து நடத்தினார். ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்கள் வந்தன. ஜேம்ஸ்பாண்ட் பைத்தியம் பிடித்திருந்த காலம், நல்லாவே ஓடின. ஆனாலும் மில் மெல்ல மெல்ல நின்றது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம் கடைசியில் வீட்டு மனைகளாகப் போனது.

படங்களின் கதி என்ன? பழைய ஃபிலிம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளால் ஆனது. சீக்கிரம் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே பிசுபிசுத்துப் பொடியாகும். குளிர்பதன அறையில் வைத்துக் காக்கணும். அந்த நினைப்பே அன்றைக்கு யாருக்கும் இல்லை, படம் ஓடி முடித்தால் பிரிண்ட் வெறும் குப்பை. 'பாலன்' படத்தின் பிரிண்ட் இன்றைக்கு இல்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படத்தைப் பார்க்க வழியே இல்லை. பாட்டுப் புஸ்தகமும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். மாமத்துக்குப் போர்வை போர்த்தின 'தி ஜங்கிள்' அமெரிக்காவில் பத்திரமாக இருக்கு, நல்லாயிருந்தது போயிடுச்சு. இதை நினைச்சா ஒரு டாக்டரா எனக்கு வயிறு எரியும். ரெக்கார்டு வைக்காத ஆஸ்பத்திரி மாதிரி.

டங்கன் அமெரிக்கா போன பிறகு மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் சொந்தக் கம்பெனி வைத்து ஆவணப் படங்கள் எடுத்து, தன் இந்திய அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதிவிட்டு 2001-ல் இறந்தார். சுந்தரம் தன் கதையை எழுதவில்லை. அவரிடம் சம்பளம் வாங்கினவர்கள் முதலமைச்சரானார்கள், கவியரசரானார்கள், ஆச்சி ஆனார்கள். அவர்கள் எழுதியதிலும் பேசியதிலும்தான் அங்கங்கே அவர் வருகிறார். அந்தத் தச்சர்களும் லைட்பாய்களும் தையல்காரர்களும் அதிலும் வருவதில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் அந்த நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் என்று எழுதியிருக்கும். எங்க ஊர்ப் பக்கமிருந்து குடும்பத்தோட ஏற்காடு போறவங்க ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்க. போட்டோ எடுங்க, தப்பில்ல. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் தாத்தா பாட்டிகிட்ட, மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எந்தக் கொட்டகையில பாத்தீங்க, கூட யார் வந்தாங்க, டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டு இங்க கீழ எழுதுங்க. அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் உங்க வீட்டில் யாராவது இருந்தா, அது என்ன வேலையா இருந்தாலும், அவசியம் எழுதுங்க.